யாருக்குக் காட்டிய கணக்கு?

எங்கள் பக்கத்தில் எது ஒழுங்காக இருந்தாலும் அதை வெள்ளைக்காரன் போட்டது என்பார்கள். ஏரிக்கரை உடையாமல் நின்றால் அது வெள்ளைக்காரன் காலத்துக் கரை. எல்லைக்கல் அசையாமல் இருந்தால் அவன் நட்ட கல். ஊருக்கு ஒரு கணக்கு, அதற்கு ஓர் ஆள், அவருக்கு மேலே தாசில்தார், அவருக்கும் மேலே கலெக்டர் என்ற இந்த அடுக்கு முழுவதும் அவன் வந்த பிறகு ஏற்பட்டது என்று பள்ளிக்கூடம் போகாத பெரியவரும் சொல்கிறார், வரலாறு படித்த பிள்ளையும் சொல்கிறான்.

போன கோடையில் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாமல் ஏரிக்கரையில் ஒரு பெரியவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறங்கிப்போய், உள்வாய் முழுக்க சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. "அவன் இருந்திருந்தா இந்த ஏரி இப்பிடிக் கெடக்குமா, தம்பி?" என்றார். அவர் வருத்தம் நியாயமானது. அவர் சொன்ன காரணம்தான் தவறு. ஏன் தவறு என்று அன்றைக்கு நின்ற நிலையில் அவரிடம் முழுதாகச் சொல்ல வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நம் கையில் இருக்கிற காகிதத்திலிருந்தே தொடங்கலாம். தாமலில் நிலம் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் பயிர்க்கடனுக்கோ நிவாரணத்துக்கோ அடங்கல் வாங்கியிருப்பார். அதன் மேலே பசலி ஆண்டு எழுதியிருக்கும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. அக்பர் காலத்தில், அறுவடையை ஒட்டி வரி வாங்குவதற்காக வடக்கே ஏற்படுத்திய ஆண்டுக் கணக்கு அது. தக்காணம் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. நம் பக்கத்தில் அது ஆடி முதல் நாள் பிறந்தது. கிழக்கிந்தியக் கும்பினியார் 1800-ஐ ஒட்டி அதை ஜூலை நடுவில் ஒரு தேதியில் கட்டிப்போட்டார்கள். 1855-ல் ஜூலை 1-க்கு நகர்த்தினார்கள். ஆடி போயிற்று, பசலி நின்றது. தாலுகா, தாசில், பிர்கா, கிஸ்தி, ஜமாபந்தி, சிட்டா என்று வருவாய்த் துறையில் நாள்தோறும் புழங்கும் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பாரசீகமும் அரபும் மராட்டியும் தமிழும் கலந்து கிடக்கும். கலெக்டர், சர்வே என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில சொற்கள்தான் கப்பலில் வந்தவை.

சொல் பழையதாக இருக்கலாம், வேலை புதியது அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டாம். இதே மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் அந்த ஊர்ச் சபை செய்த இரண்டு முடிவுகள் அங்கே கல்லில் இருக்கின்றன. முப்பது குடும்பு, குடவோலை, வாரியங்கள் என்பதெல்லாம் இன்று பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டது. ஏரிக்கென்று தனி வாரியம், அதற்கு ஆறு பேர். ஆண்டு வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர். பதவிக்காலம் 360 நாள். பாடப் புத்தகம் குடவோலையை விரித்துச் சொல்லிவிட்டு ஒரு விதியை வேகமாகக் கடந்துபோகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடக்கூடாது. அவன் பெயரை மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. தந்தை வழி, தாய் வழி, மனைவி வழி என்று யார் யார் என்பதைக் கல் வரிசையாகவே சொல்கிறது.

அந்தச் சபையை நான் மக்களாட்சி என்று சொல்லவில்லை. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையே இருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. உழுதவருக்கும் சேரியில் இருந்தவருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை. அந்த முடிவு எடுத்த இரண்டு முறையும் அரசன் அனுப்பிய அதிகாரி கூடவே இருந்தார் என்றும் கல் சொல்கிறது. ஆகவே சுதந்திரக் கிராமக் குடியரசு என்று மார்தட்டுவதும் பொய். எனக்கு அந்த ஒரு விதி போதும். கணக்கு எழுதியவன் அதை ஊரில் இருப்பவர்களிடம் காட்ட வேண்டியிருந்தது. காட்டாவிட்டால் அவன் மட்டுமல்ல, அவன் வீட்டாரும் ஊருக்கு முன்னால் தலைகுனிய வேண்டியிருந்தது. பின்னால் சொல்லப்போவதற்கெல்லாம் இதுதான் அடிப்படை.

இனி கும்பினியிடம் வருவோம். 1639-ல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் மதராசப்பட்டினத்தைப் பெற்றுக்கொண்டபோது பிரான்சிஸ் டேயிடம் அரசாங்கம் எதுவும் இருக்கவில்லை. இருந்தவை சரக்கும் பீரங்கியும்தான். நாணயம் அடிக்கும் உரிமையை நாயக்கரிடமே வாங்கினார்கள். பிற்பாடு கோட்டைக்குள் அடித்த வராகனில் பெருமாளும் இரு தேவியரும் நின்றார்கள். மூன்று சாமி வராகன் என்று ஊரார் சொன்னது அதைத்தான். கடல் கடந்து வந்த கிறித்தவ வணிகர்கள் பெருமாளைப் பொறித்ததில் பக்தி ஒன்றும் இல்லை. சந்தையில் செல்லக்கூடிய காசு அது, அவ்வளவே. துணி வாங்க பேரி திம்மண்ணா, காசி வீரண்ணா போன்ற உள்ளூர்ப் பெருவணிகர்கள் இல்லாமல் ஒரு கட்டும் கப்பலேறவில்லை. துபாஷி வாயைத் திறந்தால்தான் கோட்டைக்குக் காது கேட்டது.

செங்கல்பட்டுச் சீமை அவர்கள் கைக்கு வந்தது 1763-ல். ஆற்காட்டு நவாப் முகமது அலி ஜாகீராகக் கொடுத்தார். அன்றைய ஜாகீர் என்பது ஏறக்குறைய இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களும் சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளும். ஜாகீரும் அவர்கள் கண்டுபிடித்த முறை அல்ல, முகலாயர் முறை. வாங்கிய கையோடு அதை அந்த நவாபுக்கே குத்தகைக்கு விட்டார்கள். 1780 வரை அந்தக் குத்தகை நடந்தது. நாட்டை ஆள வந்தவர்கள் தாங்கள் நேராக ஆண்டு பார்க்காமலேயே முதல் பதினேழு ஆண்டு வருமானம் பார்த்தார்கள்.

இடையில் 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற பொறியாளர் ஜாகீரை அளந்தார். 'வெள்ளைக்காரன்தான் முதலில் அளந்தான்' என்பவர்கள் காட்டும் முதல் சான்று இது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, எந்தச் சாதிக்கு எத்தனை, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, ஏரி, தோப்பு, விளைச்சல், யார் யாருக்கு எவ்வளவு பங்கு. ஏழு ஆண்டில் இத்தனையும் எப்படி முடிந்தது? ஒவ்வோர் ஊரிலும் கணக்குப்பிள்ளை வீட்டில் ஓலைக்கட்டு இருந்தது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். இல்லாத ஒன்றைப் படி எடுக்க முடியாது.

அந்தக் கணக்குகளில் பங்கு பிரித்திருக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். களத்தில் நெல்லைத் தூற்றிப் பொலி கட்டியதும், உழுதவனுக்கும் அரசுக்கும் வாரம் பிரிப்பதற்கு முன்பே சில கைகளுக்கு அளந்துவிடுவார்கள். கோயிலுக்கு, ஏரிக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, நீர்க்கட்டிக்கு, தச்சருக்கும் கொல்லருக்கும், வண்ணாருக்கும் நாவிதருக்கும். மேரை என்றும் சுதந்திரம் என்றும் இதற்குப் பெயர். சிலருக்கு இதோடு மானிய நிலமும் உண்டு. பங்குகள் சமமாக இல்லை. மேலே இருந்தவனுக்கு மரக்கால், கீழே இருந்தவனுக்குக் கைப்பிடி என்ற கொடுமை அதற்குள்ளேயே இருந்தது. ஆனாலும் கணக்குப்பிள்ளையின் சோறு ஊர்க் களத்தில் அளக்கப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. ஏரிக்கு ஒதுக்கிய நெல் அந்த ஏரிக்குக் கீழே நின்றவர்கள் கண்முன்னால் ஒதுக்கப்பட்டது.

கும்பினி இதில் எதையும் முதலில் அழிக்கவில்லை. அழித்துவிட்டான் என்று சொல்வதும் அவனே படைத்தான் என்று சொல்வதைப்போலத் தவறுதான். கணக்குப்பிள்ளையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஓலையையும், தலையாரியையும், வெட்டியானையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1802-ன் சட்டம் கர்ணத்தின், அதாவது இதே கணக்குப்பிள்ளையின், கடமைகளை எழுதி, அவரை அரசுக்குப் பதில் சொல்லக் கட்டுப்பட்டவர் ஆக்கியது. அந்த நூற்றாண்டிலேயே மேரையும் மானியமும் படிப்படியாகக் காசுச் சம்பளமாயின. ஆள் அதே ஆள், எழுத்து அதே எழுத்து. கணக்கை விரித்துக் காட்டும் திசை மட்டும் மாறியது. முன்பு களத்தைப் பார்த்து விரித்த கணக்கு இப்போது கலெக்டர் கச்சேரியைப் பார்த்து விரிந்தது. ஊருக்குள் இருந்த கணக்கனே ஊரைப் பற்றி வெளியே சொல்லும் ஆளானான். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் பதவியை ஒழித்தபோது கிராமங்களில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்குப் பின்னால் இந்த ஒன்றேமுக்கால் நூற்றாண்டும் இருக்கிறது.

மதுராந்தகம் கதைக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் வெள்ளைக்காரன் பெருமையைச் சொல்ல அதைவிடப் பெரிய கதை இல்லை. ஏரி மீண்டும் மீண்டும் உடைகிறது. 1798-ல் மழை கொட்டுகிறது. கலெக்டர் லயனல் பிளேஸ் துரை இரவில் கரைக்குப் போகிறார். அங்கே வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் காண்கிறார். கரை உடையவில்லை. வேண்டிக்கொண்டபடி தாயார் சன்னதி கட்டிக்கொடுக்கிறார். இன்றும் ஏரி காத்த ராமர் கோயிலில் அவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அந்தப் பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். 1794 முதல் 1798 வரை பிளேஸ் இந்தச் சீமையில் பல ஏரிகளைச் சீர்செய்தார் என்பதும் உண்மை. நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் அந்த ஏரிகள் ஏன் சீர்கெட்டன என்று யாரும் கேட்பதில்லை. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் படையை முறியடித்தது. அந்தப் போர் ஆண்டுகளில் ஊர்கள் எரிந்தன, குடிகள் ஓடிப்போனார்கள், ஏரி பார்க்க ஆள் இல்லை. அந்தப் போரில் ஒரு தரப்பு கும்பினி. அதற்கு முன்பிருந்த பதினேழு ஆண்டும் குத்தகைப் பணம் வாங்கிய தரப்பும் அதேதான். மதுராந்தகம் ஏரியின் பெயரிலேயே அதை வெட்டியவன் யார் என்று இருக்கிறது. மதுராந்தகன் என்ற பட்டப் பெயர் கொண்ட உத்தம சோழன் 10ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். உத்திரமேரூர் வைரமேகத் தடாகம் அதற்கும் முந்தியது, பல்லவர் காலத்தது. அதைத் தூர்வாரப் பொன் கொடுத்தவர்களின் செய்தி கல்லில் இருக்கிறது. எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு நின்ற ஏரியை முப்பது ஆண்டு குத்தகையிலும் போரிலும் சிதையவிட்டு, நான்கு ஆண்டு செப்பனிட்டவருக்குச் சன்னதியில் பெயர் இருக்கிறது. எண்ணூறு ஆண்டு மண் சுமந்தவர்களுக்கு இல்லை. 'அவன் இருந்திருந்தா' என்ற பேச்சு இந்த மறதியில்தான் முளைக்கிறது.

பிளேஸ் ஏரியைச் செப்பனிட்டதற்கான காரணமும் ஒளிவுமறைவானது அல்ல. தண்ணீர் இருந்தால் விளைச்சல், விளைந்தால் வரி. இதே பிளேஸ்தான் வரிக்கு இணங்காத மிராசுதாரர்களை, அதாவது ஊர் நிலத்தில் பங்குரிமை உடையவர்களை, விலக்கி வேறு ஆட்களை வைத்தார், காஞ்சிபுரம் கோயில்களின் பணத்தையும் நிர்வாகத்தையும் தன் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தார். 1817-ல் அதுவே சட்டமாகி, கோயில், சத்திரம் போன்ற அறக்கட்டளைகள் வருவாய் வாரியத்தின் கீழ் வந்தன. கோயிலை மன்னன் மேற்பார்ப்பது இங்கே பழைய வழக்கம். அதைச் சொல்லித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஏரிக்கு ஆன கதி இன்னும் வலிக்கக்கூடியது. மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டுவது குடிமராமத்து. அதற்கு ஏரி மானியம் இருந்தது, ஏரிக்கு நெல் இருந்தது, மீன் குத்தகைப் பணத்தை ஏரிக்கே செலவிட்ட வழக்கமும் இருந்தது. அந்த வருமானங்களை அரசு தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. புறம்போக்கு அரசுடையது ஆனது. பிறகு மண்வெட்டியோடு வர ஆள் இல்லை என்றதும் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்கப்படி வரவேண்டிய வேலைக்கு வராதவனுக்குத் தண்டம். ஊரார் தங்கள் ஏரிக்குத் தாங்களே கூடிச் செய்த வேலை, அரசின் வருமானத்துக்காகச் சட்டத்தின் பயத்தில் செய்யவேண்டிய வேலை ஆயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை, குடிமராமத்துதான். தன் ஏரி என்ற எண்ணம் போனபின் சட்டம் போட்டு என்ன பயன்? 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு அரசே முன்வந்து ஏரிச் சீரமைப்புத் திட்டம் போடவேண்டிய நிலை வந்தது. பெரியவரே, தாமல் ஏரியில் சீமைக்கருவேல் முளைக்கத் தொடங்கியது வெள்ளைக்காரன் போன பிறகு அல்ல. வேர் அப்போதே விட்டுவிட்டது.

இந்த இடத்தில் படித்தவர்களிடமிருந்து வேறொரு வாதம் வரும். 'எல்லாம் இங்கே இருந்ததுதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் கும்பினியும் இன்னொரு நவாப், இன்னொரு நாயக்கர். ஆள் மாறியது, ஆட்சி முறை மாறவில்லை. இதில் அடிமைத்தனம் என்று கூச்சல் போட என்ன இருக்கிறது?' இது முதல் வாதத்தைவிட நயமானது, அதனால் அதிகக் கேடு செய்வது. ஏற்கெனவே இருந்த கருவியை எடுத்தான் என்பதாலேயே அவன் செய்த காரியமும் ஏற்கெனவே இருந்தது ஆகிவிடாது.

காஞ்சிபுரத்தைச் சுற்றி நெசவாளர் இல்லாத ஊர் குறைவு. அவர்களைக் கேட்டால் முன்பணம் என்பது எவ்வளவு பழைய வழக்கம் என்று சொல்வார்கள். வணிகர் பணம் கொடுப்பார், நெசவாளர் நூல் வாங்கி நெய்து துணி கொடுப்பார். கும்பினி வருவதற்கு முன்பும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு நெசவாளருக்கு ஒரு வழி திறந்திருந்தது. வேறொருவர் நல்ல விலை கொடுத்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். நெருக்கினால் தறியைக் கழற்றிக்கொண்டு குடும்பத்தோடு வேறு சீமைக்குப் போய்விடலாம். அங்கே இருக்கிற அரசன் தறிக்கு வரி கிடைக்கும் என்று வரவேற்பான். அதனால் வணிகருக்கு முன்பணத்தை வைத்து நெசவாளரைக் கட்டிப்போட வலிமை இருக்கவில்லை. கும்பினியும் தொடக்கத்தில் அந்த நிலையில்தான் இருந்தது. கெஞ்சி அழைத்துக் குடிவைக்க வேண்டியிருந்தது. காலாடிப்பேட்டை அப்படி எழுந்தது, 1734-ல் சிந்தாதிரிப்பேட்டையும் அப்படித்தான் எழுந்தது.

நாடு கைக்கு வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே முன்பணம். ஆனால் இப்போது வணிகனும் அவனே, அரசனும் அவனே. இடையில் இருந்த வணிகரை ஒதுக்கிவிட்டு குமாஸ்தாவை வைத்து நேராகக் கொடுத்தார்கள். வேறு ஆளுக்கு விற்றால் குற்றம். தறி வாசலில் சேவகன் உட்கார்ந்தான். பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் வழி அடைபட்டது. ஓடிப்போகலாம் என்றால் அடுத்த சீமையும் கும்பினிச் சீமை. தறி, நூல், முன்பணம் எல்லாம் பழையபடி இருக்க, 'முடியாது' என்று சொல்லும் உரிமை மட்டும் காணாமல் போயிற்று. இதை ஆள் மாற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காவலும் இப்படித்தான். சென்னையில் பெத்தநாயக்கன்பேட்டை என்ற பெயர் யாரைக் குறிக்கிறது என்று அங்கே கடை வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. நகரத்தின் காவலுக்குப் பொறுப்பான தலைவர் பெத்த நாயக்கர். சரக்குக்கு இவ்வளவு என்று காவல் கட்டணம் அவருக்கு உண்டு. பதிலுக்கு, களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். கிராமக் காவலிலும் இந்த வழக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தில் அந்தப் பதவியை எடுத்தார்கள், சீமையில் காவல் கட்டணங்களை அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது, 1816-ல் தலையாரியை மணியக்காரருக்குக் கீழே போலீசின் கடைசிப் படியாக வைத்தார்கள். காவலுக்கு நாம் பணம் கட்டுவது நிற்கவில்லை. களவுக்கு ஈடு கொடுக்கும் கடமை நின்றது. காவல்காரன் நமக்குப் பதில் சொல்வதை விட்டு மேலே பதில் சொல்லத் தொடங்கினான்.

ஆள் மாறினான், முறை மாறவில்லை என்பவர்கள் 1855-ல் சென்னையில் வந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையையும் பார்க்க வேண்டும். வரி கட்டாத குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள், அண்ணாந்தாள் கட்டினார்கள், உச்சி வெயிலில் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றினார்கள். குழு எல்லாவற்றையும் பதிவு செய்தது. பதிவு செய்துவிட்டு, இது உள்ளூர் அதிகாரிகளின் பழைய வழக்கம், ஐரோப்பிய அதிகாரிகள்மேல் மக்களுக்குக் குறை இல்லை என்று முடித்தது. கிட்டி பழையதுதான், மறுக்கவில்லை. விளைந்ததோ இல்லையோ, குறித்த தேதியில் காசாகக் கிஸ்தி கட்டு என்பது யாருடைய வழக்கம்? களத்தில் நெல்லாக வாரம் பிரித்தபோது விளையாத ஆண்டில் அரசுக்கும் விளையவில்லை. தேதியை மேலே இருப்பவன் வைத்தான், கிட்டியைக் கீழே இருப்பவன் பிடித்தான், பழி வழக்கத்தின் மேல் விழுந்தது. பழைய முறையைக் கையில் எடுத்ததால் ஆண்டவனுக்குக் கிடைத்த மிகப் பெரிய வசதி இது.

இதில் என்னை அதிகம் வருத்துவது சேரிக்கு நேர்ந்ததுதான். மிராசு என்ற சொல் அரபு வழி வந்தது, தமிழில் அது காணியாட்சி. ஊர் நிலத்தில் பங்காளிகளுக்கு இருந்த உரிமை. 1810-களில் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லீஸ் பண்டிதர்களை வைத்துக்கொண்டு, ஓலையும் செப்பேடும் தேடி அதைப் பற்றி விரிவாக எழுதினார். திருக்குறளை நேசித்த மனிதர், தமிழுக்கு நல்லது செய்தவர். ஆனால் நெகிழ்ந்தும் சண்டையிலும் சமரசத்திலும் மாறிக்கொண்டும் இருந்த ஓர் உரிமை அரசாங்கக் காகிதத்தில் ஏறியதும் கல்லாகிவிட்டது. தரிசு நிலத்துக்கு யார் மனுப் போட்டாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை என்றானது. சேரியில் இருந்தவர், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணை உழுதவர், வெறும் தரிசில் ஒரு துண்டு கேட்டாலும் கிடைக்கவில்லை. 1843-ல் சட்டப்படி அடிமை முறை போனது, நிலம் இல்லாததால் அடிமைத்தனம் போகவில்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் இதைக் கண்ணால் பார்த்து எழுதினார். அதன் பிறகு 1892-ல் வந்த அரசாணையில் பிறந்தது, சேரி மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம். அது எத்தனை பேர் கையில் நின்றது, எத்தனை பேரிடமிருந்து போனது என்பது இந்த மாவட்டங்களில் எல்லாருக்கும் தெரியும். 1994-ல் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் இறந்தார்கள். நம் பழைய முறையில் இருந்த அநீதியை வெள்ளைக்காரன் படைக்கவில்லை. அதற்கு முத்திரை போட்டுக் கொடுத்தான். 'நம் கிராமங்கள் பொன்னுலகம், அவன் வந்து கெடுத்தான்' என்பவர்கள் இந்த ஒரு பக்கத்தையாவது மூடிவைக்காமல் படிக்க வேண்டும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பெருவில் இன்கா அரசு முறை வைத்து ஊர்களிடம் உழைப்பு வாங்கியது. மிட்டா என்று அதற்குப் பெயர். வேலைக்கு வந்தவர்களுக்கு அரசே சோறு போட்டது, பஞ்சத்தில் களஞ்சியம் திறந்தது. 1570-களில் ஸ்பானிய ஆளுநர் தொலேதோ அதே பெயரை, அதே முறைவைப்பை எடுத்து பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் பிடித்தார். களஞ்சியத்தை மட்டும் விட்டுவிட்டார். யாழ்ப்பாணத்தில் 1707-ல் ஒல்லாந்தர் தேசவழமையை எழுதி, முதலியார்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிச் சட்டமாக்கினார்கள். நம் வழக்கத்தை மதித்தார்கள் என்று இன்றும் அதைப் பாராட்டுவோர் உண்டு. அவர்கள் கேட்டது பன்னிரண்டு முதலியார்களை. அந்த வழக்கத்தின் கீழ் நசுங்கியவர்களைக் கேட்கவில்லை.

பெரியவரிடம் இத்தனையும் சொல்லவில்லை. மேரையைப் பற்றி மட்டும் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"எங்கப்பா நீர்க்கட்டி, தம்பி. களத்துல பொலி கட்டினதும் அவருக்கு அளந்துட்டுத்தான் மத்ததெல்லாம். நான் சின்னப் பையன், சாக்கைப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன்."

"இப்ப யாரு பெரியப்பா மதகு தெறக்கறது?"

மண்வெட்டியால் கரையின் அந்தக் கோடியைக் காட்டினார். ஓர் ஆள் இருக்கிறார். களம் இல்லை, பொலி இல்லை, மெஷின் அறுத்து நெல் நேராக மூட்டையில் விழுகிறது. ஆனாலும் அந்த மதகுக்குக் கீழே நிலம் உள்ளவர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி வைத்துக்கொண்டு, அறுவடை முடிந்ததும் அவர் வீட்டுக்கு நெல் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். யாராவது கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அப்படி விட்டவர் இதுவரை ஒருவர்தான் என்று சொல்லி, பெயரையும் சொன்னார். எந்த ஆண்டு, எத்தனை மரக்கால் பாக்கி என்பதும் அவருக்கு நினைவில் இருந்தது.

"இதெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுதறதுக்கு என்ன இருக்கு? அதான் இந்த மதகுல பாயற எல்லாருக்கும் தெரியுமே."